செங்கோட்டைக் கிட்டப்பா

மாந்தர் இயற்றும் கலைகள் பலவற்றுள்ளும் இசையைப்போல் விரைந்து மறைவது பிறிதொன்றில்லை. சிற்பி செதுக்கிய சிலை ஆயிரம் ஆண்டு நிற்கும். புலவன் இயற்றிய பாட்டு ஓலையிலேனும் தாளிலேனும் தங்கும். பாடகன் எழுப்பிய நாதமோ செவியிற் புகுந்த அக்கணமே காற்றோடு கலந்து ஒழியும். பண்டைப் பாணர்தம் குரல் எத்தன்மையதாய் இருந்ததென்று அறிய இன்று நமக்கு வழியில்லை. இக்குறையைத் தீர்க்க வந்ததே கிராமபோன் என்னும் கருவி. அதன் துணையால், மறைந்து 90 ஆண்டுகளுக்கு மேலாகியும் தமிழ் மக்கள் செவியில் ஒலித்துக்கொண்டிருப்பவர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். அவரே சங்கீத நாடக மேதையாகிய எஸ். ஜி. கிட்டப்பா. அவர் இவ்வுலகில் வாழ்ந்தது 27 ஆண்டுகளே.

பிறப்பும் இளமையும்

குற்றாலத்திற்கு அண்மையில், மேற்குத் தொடர்ச்சி மலையடியில் அமைந்துள்ளது செங்கோட்டை. இன்று தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்துள்ள அவ்வூர், அந்நாளில் திருவிதாங்கூர் அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அங்கே கங்காதர ஐயருக்கும் மீனாட்சி அம்மாளுக்கும் மைந்தராக 1906-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள் நம் கிட்டப்பா தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் இராமகிருஷ்ணன் என்பது. குடும்பம் பெரிது, வருவாயோ சிறிது. ஆதலின், ஏனைச் சிறுவர்கள் பள்ளிக்கூடம் செல்லும் பிராயத்தில் அவர் நாடக மேடை ஏறும்படி நேர்ந்தது. அவர்தம் தமையன்மார் சிலரும் அத்துறை புகுந்தவர்களே.

அக்காலத்துத் தமிழ் நாடகங்களில் வசனத்தினும் பாட்டே மேம்பட்டு நின்றது. வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி முதலிய நாடகங்களை இயற்றிய சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922), 1910-ஆம் ஆண்டில் சமரச சன்மார்க்க சபை என்னும் நாடகக் குழுவை நிறுவினார். அங்குப் பயிற்சி பெற்றோருள் கிட்டப்பாவும் ஒருவர். முறையாக ஓர் ஆசிரியரிடம் நெடுங்காலம் குருகுலவாசம் செய்து சங்கீதம் கற்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. கேட்டதைக் கேட்டவாறே பற்றிக்கொள்ளும் செவியும், பற்றியதைப் பன்மடங்கு பொலிவுடன் வெளியிடும் சாரீரமுமே அவருக்கு முதலாயின. மேடையே பள்ளி, நள்ளிரவே பாட வேளை, எதிரில் அமர்ந்திருந்த ஜனங்களே பரீட்சகர்கள்.

மேடையிற் பெற்ற புகழ்

பின்னர்ச் சென்னையில் பெரும்புகழ் பெற்று விளங்கிய கன்னையா கம்பெனியிற் சேர்ந்து, தசாவதாரம் முதலிய நாடகங்களில் நடித்தார். ஒலிபெருக்கி மேடைக்கு வராத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருக்கும் ஏழைத் தொழிலாளியின் காதிலும் பாட்டின் ஒவ்வோர் எழுத்தும் தெளிவாய் விழவேண்டும்; விழாதாயின் கூச்சல் எழும். ஆதலின் அந்நாளைய நடிகர் உச்ச சுருதியிலேயே பாடினர். எத்துணை மேலே சென்றாலும் கிட்டப்பாவின் குரல் பிசிறுவதில்லை, இனிமை குன்றுவதுமில்லை. மின்னலெனப் பாயும் பிருகாக்கள் அவர் கண்டத்தில் எளிதாய் உருண்டன. இத்துணை விரைவிலும் சொல் சிதையாமல் நின்றதே அவருடைய தனிச்சிறப்பு என்பது எம் துணிபு. தமையனார் காசி ஐயரின் ஆர்மோனியம் அக்குரலுக்கு உற்ற துணையாய் அமைந்தது.

சுந்தராம்பாளுடன் இணைந்தமை

காவிரிக்கரையிலுள்ள கொடுமுடியில் 1908-ஆம் ஆண்டில் பிறந்த கே. பி. சுந்தராம்பாள், அவ்வாறே வறுமையால் மேடை புகுந்து, இலங்கையில் பெயர் பெற்று விளங்கினார். 1926-ஆம் ஆண்டளவில் கொழும்பில் இருவரும் ஒரே மேடையில் நடிக்கும் வாய்ப்பு நேர்ந்தது. வானளாவும் குரலுடைய அவ்வம்மையாருக்கு எதிர்நின்று பாடுதல் எவர்க்கும் எளிதன்று. கிட்டப்பா ஈடு கொடுத்தார், அம்மையாரும் தளர்ந்தாரில்லை. வள்ளி திருமணத்தில் அவ்விருவரும் மாறிமாறிப் பாடிய தர்க்கப் பாட்டுக்களைக் கேட்க ஜனங்கள் திரண்டனர். மேடையிற் பிறந்த நட்பு காதலாகி, 1927-ஆம் ஆண்டில் மணமாக முடிந்தது.

இவ்விடத்து ஓர் உண்மையை மறைத்தல் முறையன்று. கிட்டப்பா முன்னரே மணமானவர். இவ்விருவருடைய இல்வாழ்க்கையோ மேடையிற் கண்ட இசைவோடு என்றும் நடந்ததன்று. பிணக்கும் பிரிவும் நேர்ந்தன. பிரிந்திருந்த நாட்களில் அம்மையார் அவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சாகிப் பலராலும் படிக்கப்பட்டுள்ளன. அவற்றைப் படிப்போர் கண் கலங்காதிரார். பெரியோர் சரித்திரம் எழுதுவோர் அவர்தம் குறைகளைத் துடைத்து எழுதுதல் வழக்கமாயினும், குறையுடைய மனிதர் ஒருவரிடத்தே குறையற்ற கலை குடிகொண்டிருந்தது என்பதே யாம் கூற விழைவது.

மறைவு

1931-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் காளிதாஸ் என்னும் முதல் தமிழ்ப் பேசும் படம் வெளிவந்தது. மேடை நடிகர் பலர் அப்புதிய துறையை நாடினர். கிட்டப்பாவுக்கு அதற்கு ஆயுள் இல்லை. நோய்வாய்ப்பட்டு, 1933-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் அவர் காலமானார். அன்று சுந்தராம்பாளுக்கு வயது 25. அம்மையார் நகைகளைக் களைந்து வெண்ணிறக் கதராடை பூண்டார். இனி எந்த ஆடவருடனும் மேடையில் இணைந்து நடிப்பதில்லை என்று உறுதி கொண்டார். 1980-இல் தாம் மறையும் வரையில் அவ்வுறுதியில் வழுவினாரில்லை. 1935-இல் வெளிவந்த நந்தனார் படத்தில் ஒரு இலட்சம் ரூபாய் ஊதியத்திற்கு நடித்தபோதும், அவர் ஏற்றது நந்தனார் என்னும் ஆண் வேடமே.

அரக்குத் தட்டில் நின்ற குரல்

இவ்வாறு சினிமாவில் தோன்றாது மறைந்தவரின் பெயர் பழங்கதையாய்ப் போயிருத்தல் கூடும். அதனைத் தடுத்தவை அவர் பாடிக் கொடுத்த இசைத்தட்டுக்களே. அந்நாளைய தட்டு, அரக்கும் கல்மாவும் கரித்தூளும் கலந்து செய்யப்பட்டது. நிமிஷத்திற்கு 78 முறை சுழல்வது. ஒரு புறத்தில் ஏறத்தாழ மூன்று நிமிஷ நேரமே ஒலிப்பது. இரவு முழுவதும் விரித்துப் பாடிப் பழகிய ஒருவரை மூன்று நிமிஷத்தில் அடக்குதல், ஆற்று வெள்ளத்தைக் குடத்தில் அடைப்பதனை ஒக்கும். எனினும் அத்தட்டுக்களைக் கேட்கும்போது அவர் அவசரப்பட்டதாகத் தோன்றவில்லை. ஒரு சொல்லோ ஒரு ஸ்வரமோ வீணானதாகவும் தோன்றவில்லை. அருகி வழங்கிய ஓர் இராகத்தில் தியாகராஜர் இயற்றிய எவரனி என்னும் கீர்த்தனம், சங்கீத சபைகளுக்குச் செல்லாத பாமரர் வாயிலும் நடமாடத் தொடங்கியது அவருடைய தட்டினால் என்பர். இராமலிங்க அடிகளின் பாடலை அவர் விருத்தமாகப் பாடிய தட்டும் அவ்வாறே. பிற்காலத்தில் டி. ஆர். மகாலிங்கம் (1924–1978) அவர் பாணியைத் தழுவிப் பாடியே, 1945-இல் வந்த ஸ்ரீவள்ளி படத்தின் வாயிலாகப் பெரும்புகழ் எய்தினார்.

கடல் கடந்த நாடுகளிலும் இத்தகைய தட்டுக்கள் உள. பிரேசில் நாட்டில் போசா நோவா என்றொரு மெல்லிசை 1958-ஆம் ஆண்டளவில் எழுந்தது. அதனைப் பரப்பிய ஜோவாவோ ஜில்பெர்ட்டோ, 1959-இல் வெளியிட்ட தம் முதல் நெடுந்தட்டில், கிதார் ஒன்றை மீட்டிக்கொண்டு, அருகிருப்பவரிடம் பேசுவார்போல் மெல்லப் பாடினார். அதுவும் இன்றளவும் உலகெங்கும் கேட்கப்படுகின்றது. கிட்டப்பாவோ ஒலிபெருக்கியின்றிக் கொட்டகை முழுதும் நிரம்பப் பாடிப் பழகியவர். ஒருவர் குரல் ஓங்கியது. மற்றவர் குரல் தாழ்ந்தது. ஆயினும் இருவரும் நிலைத்தனர். இதனால், பாட்டை நிலைபெறச் செய்வது குரலின் பெருமையுமன்று, சிறுமையுமன்று. வேண்டாதன நீக்கி, வாய்த்த எல்லைக்குள் முழுமையாய்ப் பாடும் பண்பே என்று அறிகின்றோம்.

முடிவுரை

எம் திருப்பத்தூரைச் சூழ்ந்துள்ள வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதி மக்கள் தோல் பதனிடும் தொழிலில் தலைமுறை தலைமுறையாய்க் கைதேர்ந்தவர். மூன்று நாளில் அழுகிப்போகும் தோலை, முன்னாளில் சுண்ணாம்பில் ஊறவைத்து, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டு, பல்லாண்டு உழைக்கும் பொருளாக்கினர். ஆயினும் எல்லாத் தோலும் ஒரே தரமாய் வாய்ப்பதில்லை. பதத்தின் சிறப்பு தோலின் சிறப்பைப் பொறுத்தது என்பதை அத்தொழிலாளர் நன்கறிவர். குரலும் அத்தகையதே. அரக்குத் தட்டு எத்தனையோ பேருடைய பாட்டைப் பதித்து வைத்தது. அவற்றுட் பெரும்பாலான இன்று கேட்பாரற்றுக் கிடக்கின்றன. கிட்டப்பாவின் பாட்டோ அரக்கிலிருந்து வானொலிக்கும் ஒலிநாடாவுக்கும் சென்று, இன்று மாணவர் கையிலுள்ள கைப்பேசியிலும் ஒலிக்கின்றது.

இளமையில் மறைந்தமையே அவருக்குப் புகழ் தந்தது என்பாரும் உளர். அஃது எமக்கு உடன்பாடன்று. இன்னும் 30 ஆண்டு வாழ்ந்திருப்பின் எத்துணை பாடியிருப்பாரோ என்று ஏங்குதலே முறை. உடலைப் பேணாத மேதை தனக்கு மட்டுமன்றி உலகுக்கும் இழப்பை உண்டாக்குகின்றான். மாணவ நண்பர்களே! நும்முள் பலர் அவர் மறைந்த வயதை இன்னும் எட்டாதவர்; எமை ஒத்த ஆசிரியர் அதனை என்றோ கடந்தவர். கல்வியும் வசதியும் இன்றி மேடையேறிய ஒரு சிறுவர், தமக்கு வாய்த்த சிறு பொழுதிற்குள் இத்துணை செய்தார். ஓய்வு கிடைக்கும் மாலைப்பொழுதில், அவர் பாடிய தட்டு ஒன்றை அமைதியாய் இருந்து கேண்மின். இடையிடையே ஊசி கீறும் இரைச்சல் எழும்; அதனைப் பொறுத்துக்கொண்டால், அவ்விரைச்சலுக்கு அப்பாலிருந்து ஓர் இளைஞரின் குரல் தெளிந்து எழுவதைக் கேட்பீர். மூன்று நிமிஷத்தில் பாட்டு முடிந்துவிடும். மீண்டும் ஒருமுறை கேட்கவேண்டும் என்று நுமக்குத் தோன்றுமாயின், இக்கட்டுரை எழுதிய பயனை யாம் பெற்றவராவோம்.