டி. வி. சுந்தரம் அய்யங்கார்

டி. வி. சுந்தரம் அய்யங்கார் (மார்ச் 22, 1877 - ஏப்ரல் 28, 1955) தென்னிந்தியாவின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்கு அடித்தளமிட்ட தொழில் முனைவோருள் ஒருவர் ஆவார். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு இவர் தொடங்கிய டி. வி. சுந்தரம் அய்யங்கார் அண்ட் சன்ஸ் நிறுவனமே பிற்காலத்தில் டி. வி. எஸ். குழுமமாக வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, மரக்கரியிலிருந்து கிடைக்கும் வாயுவைக் கொண்டு பேருந்துகளையும் சரக்குந்துகளையும் இயக்க உதவிய டி. வி. எஸ். கேஸ் பிளாண்ட் என்னும் கருவியை உருவாக்கித் தந்தவர் என்ற வகையிலும் இவர் நினைவு கூரப்படுகின்றார்.

பிறப்பும் தொடக்க வாழ்வும்

திருக்குறுங்குடி வெங்கரம் சுந்தரம் அய்யங்கார் 1877 ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையில் உள்ள திருக்குறுங்குடியில் பிறந்தார். வைணவர்கள் போற்றும் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்றான இவ்வூர், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது. இவர் முதலில் வழக்கறிஞராகத் தொழில் செய்தார். பின்னர் தொடர்வண்டித் துறையிலும் வங்கியிலும் பணியாற்றினார். மாதச் சம்பளத்தில் நிலைத்திருக்க விரும்பாத அவர், அப்பணிகளை விட்டு 1911 ஆம் ஆண்டில் சொந்தத் தொழிலில் இறங்கினார்.

பேருந்துத் தொழில்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரையைத் தொடர்வண்டிப் பாதை அடைந்திருந்தது. எனினும் பாதையிலிருந்து விலகியிருந்த ஊர்களுக்கு மாட்டு வண்டியும் குதிரை வண்டியுமே துணை. மேலூர், தேவகோட்டை, இராமநாதபுரம் போன்ற பக்கங்களில் நெல்லும் பருத்தியும் சந்தைக்கு வந்து சேர ஒரு முழு இரவு பிடிப்பது வழக்கமாக இருந்தது. இந்த இடைவெளியை நிரப்பும் வாய்ப்பு மோட்டார் வாகனத்துக்கு இருந்தது. சுந்தரம் அய்யங்கார் பேருந்துகளை இயக்கத் தொடங்கிய காலம் இதுவே. தஞ்சாவூர் - புதுக்கோட்டைத் தடம் அவருடைய தொடக்ககாலத் தடங்களுள் ஒன்றாகும். பின்னர் மதுரையே அவருடைய தொழிலின் மையமாயிற்று. பேருந்துகளும் சரக்குந்துகளும் சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயரில் இயங்கின. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வாகனங்களையும் உதிரிப் பாகங்களையும் விற்கும் முகவராகவும் நிறுவனம் வளர்ந்தது.

இவருடைய பேருந்துகள் குறித்த நேரத்தில் புறப்படுவதற்குப் பெயர் பெற்றவை. பேருந்து கடந்து செல்வதைப் பார்த்து ஊரார் கடிகாரத்தைத் திருத்திக் கொள்வர் என்று மதுரை வட்டாரத்தில் இன்றும் கூறப்படுகின்றது. சாலைகளில் சிதறிக் கிடந்த மாட்டு இலாட ஆணிகள் டயர்களைக் கிழித்து வந்தன. அவற்றைப் பொறுக்குவதற்குக் காந்தம் பொருத்திய வண்டியைச் சாலையில் ஓட்டச் செய்தார் என்பதும் அவரைப் பற்றிப் பரவலாக வழங்கும் செய்தியாகும். பயணத்தின் நேரம் தவறாமை ஓட்டுநரை மட்டும் சார்ந்ததன்று. பட்டறையையும் சாலையையும் சார்ந்தது என்ற அவருடைய நோக்கை இச்செய்திகள் காட்டுகின்றன.

வாயு விளக்கும் மின்விளக்கும்

சுந்தரம் அய்யங்கார் தொழில் தொடங்கிய ஆண்டுகள், உலகெங்கும் வாயு விளக்கிலிருந்து மின்விளக்குக்கு மாறிய ஆண்டுகளாகும். அக்கால மோட்டார் வாகனங்களின் முகப்பில் கார்பைடு விளக்குகள் இருந்தன. கால்சியம் கார்பைடு கட்டியின்மீது நீர் சொட்டும்போது உண்டாகும் அசெட்டிலீன் வாயு, இரப்பர்க் குழாய் வழியே விளக்குக்குச் சென்று எரியும். 1912 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் காடிலாக் நிறுவனம் மின் விளக்குகளையும் மின்சாரத்தால் இயந்திரத்தைத் தொடக்கும் அமைப்பையும் தன் மகிழுந்துகளில் பொருத்தியது. அதன்பின் டைனமோவும் மின்கலமும் வாகனத்தின் இன்றியமையாத உறுப்புகளாயின.

மேலை நாட்டு நகரங்களின் வீடுகளில் இந்த மாற்றம் வேறொரு சிக்கலை எழுப்பியது. மின்சாரத்தை முழுவதும் நம்பாத மக்கள், ஒரே சரவிளக்கில் வாயுவும் மின்சாரமும் எரியும் இரட்டை அமைப்பை விரும்பினர். சரவிளக்கு வாயுக் குழாயிலிருந்தே தொங்கியது. அக்குழாய் மண்ணுக்குள் செல்வதால், கம்பியின் உறை தேய்ந்த இடத்தில் மின்சாரம் குழாய் வழியே நிலத்துக்குப் பாயும். அங்கே எழும் பொறி குழாயைத் துளைத்துவிட்டால் வாயு தீப்பற்றும். இதைத் தடுக்க, விளக்குக்கும் குழாய்க்கும் நடுவே மைக்கா போன்ற மின்கடத்தாப் பொருளை வைத்து ஒரு தனி இணைப்பைப் பொருத்தினர். அது வாயுவை விடும், மின்சாரத்தை விடாது. ஒரு கருவியை இரு வகை ஆற்றலுக்கு உரியதாக மாற்றும்போது, ஆபத்தும் பாதுகாப்பும் இணைப்புகளிலேயே இருக்கின்றன என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும். முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் மதுரைப் பட்டறைகளும் இதையொத்த ஒரு சிக்கலை எதிர்கொண்டன.

போரும் பெட்ரோல் பங்கீடும்

1939 ஆம் ஆண்டில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. இந்தியாவில் 1941 ஆம் ஆண்டில் பெட்ரோல் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. 1942 ஆம் ஆண்டில் சப்பானியப் படைகள் பர்மாவைக் கைப்பற்றியதால் அங்கிருந்து வந்த எண்ணெயும் நின்றது. மலாயா வீழ்ந்தமையால் இரப்பரும் அரிதாயிற்று. பேருந்து நின்றால் பயணிகள் மட்டுமன்றி அஞ்சலும் சந்தைச் சரக்கும் நோயாளிகளும் வழியில் நிற்க வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்தில் வாகன உரிமையாளர் பலர் வண்டிகளை ஓரங்கட்டினர்.

இந்நிலையில் சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம் டி. வி. எஸ். கேஸ் பிளாண்ட் என்ற மரக்கரி வாயுக் கருவியை வடிவமைத்து உற்பத்தி செய்தது. இக்கருத்து புதியதன்று. பிரான்சு நாட்டவரான ஜார்ஜ் இம்பெர்ட் 1920-களிலேயே விறகிலிருந்து வாயு எடுத்து வாகனம் ஓட்டும் உலையை உருவாக்கியிருந்தார். போர்க்காலத்தில் சுவீடன், செருமனி, பிரான்சு முதலிய நாடுகளில் இத்தகைய வாகனங்கள் பெருமளவில் ஓடின. ஆயினும் இறக்குமதி தடைபட்ட காலத்தில், உள்ளூர்ப் பட்டறையில் கிடைத்த தகட்டையும் குழாயையும் கொண்டு இக்கருவியைச் செய்து கொடுத்தது தென்னிந்தியப் போக்குவரத்துக்குப் பெருந்துணையாயிற்று.

மரக்கரி வாயுக் கருவி இயங்கும் முறை

இவ்வகைக் கருவியில் உருளை வடிவ உலை ஒன்று வண்டியின் பின்புறத்திலோ பக்கத்திலோ பொருத்தப்படும். அதனுள் மரக்கரி நிரப்பித் தீ மூட்டப்படும். குறைந்த அளவு காற்றே உலைக்குள் விடப்படுவதால் கரி முழுதும் எரிந்து போவதில்லை. முதலில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு, மேலும் சூடான கரியின் ஊடே செல்லும்போது கார்பன் மோனாக்சைடாக மாறுகின்றது. இதுவே எரியும் வாயு. சிறிது நீர் சேர்க்கப்பட்டால் ஹைட்ரசனும் கிடைக்கும். காற்றிலுள்ள நைட்ரசன் எரியாமல் கூடவே வருவதால், கிடைக்கும் வாயுவில் ஏறத்தாழப் பாதி பயனற்றது.

உலையிலிருந்து வெளிவரும் வாயு சூடாகவும் சாம்பலும் தூசியும் கலந்தும் இருக்கும். ஆகவே அது குளிர்விக்கும் குழாய்கள் வழியாகவும் வடிகட்டிகள் வழியாகவும் செலுத்தப்பட்டு, இறுதியில் காற்றுடன் கலந்து இயந்திரத்துக்குள் சென்று மின்பொறியால் பற்ற வைக்கப்படும். இவ்வாயு மெல்ல எரிவதால், பெட்ரோலுக்கு வைத்த நேரத்தைவிடச் சற்று முன்னதாகவே பொறி எழும்படி இயந்திரத்தைத் திருத்த வேண்டும். பல வண்டிகள் பெட்ரோலில் தொடங்கி, உலை சூடேறிய பின் வாயுவுக்கு மாறின. அதாவது ஒரே இயந்திரம் இரு எரிபொருள்களுக்கும் பொதுவாயிற்று.

இந்த அமைப்பின் உயிர்நிலை குழாய் இணைப்புகளில் இருந்தது. இயந்திரம் ஓடும்போது வாயுவை அது உறிஞ்சுவதால், குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாக இருக்கும். இணைப்பில் கசிவு இருந்தால் வாயு வெளியேறுவதற்கு மாறாக வெளிக்காற்று உள்ளே நுழையும். சூடான வாயு அங்கேயே எரியத் தொடங்கும். அல்லது கலவை கெட்டு வண்டி ஏற்றத்தில் நின்றுவிடும். வண்டியை நிறுத்திய பின் நிலைமை தலைகீழாகும். கனன்று கொண்டிருக்கும் உலையில் வாயு தொடர்ந்து உண்டாகி, அதே கசிவின் வழியே வெளியேறும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. அது குருதியிலுள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பிணைவதால், மூடிய கொட்டகையில் உறங்கும் ஒருவரை அறியாமலேயே கொல்ல வல்லது. எனவே சூடான பகுதியில் கல்நார் கேஸ்கட்டுகளும், குளிர்ந்த பகுதியில் வண்டியின் அதிர்வைத் தாங்கும் இரப்பர்க் குழாய்களும் பயன்பட்டன. இணைப்புகளை நாள்தோறும் பார்த்து இறுக்குவதும், உலையுள்ள வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துவதும் இன்றியமையாதவை ஆயின. கல்நார்த் தூசி நுரையீரலுக்குத் தீங்கு விளைவிக்கும் என்பது பரவலாக உணரப்படாத காலம் அது.

வாயுவில் ஓடும் வண்டியின் ஆற்றல் பெட்ரோலில் ஓடுவதைவிட மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறையும். காலையில் வண்டி புறப்படுமுன் காற்றாடியைக் கையால் சுழற்றி உலையை மூட்ட வேண்டும். வழியில் நிறுத்திக் கரி போட வேண்டும். சாம்பலை அள்ள வேண்டும். மேடுகளில் பயணிகள் இறங்கித் தள்ளியதும் உண்டு. ஆயினும் மதுரையைச் சுற்றிய சமவெளி இக்கருவிக்கு ஏற்ற நிலமாக அமைந்தது. நெடுந்தொலைவுக்குப் பெரிய ஏற்றம் இல்லை. கருவேல மரங்கள் மிகுந்த இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளில் கரி மூட்டம் போடுவது பழகிய தொழில். கடல் கடந்து வரவேண்டிய எண்ணெய்க்கு மாறாக உள்ளூர்க் கரியே வண்டியை ஓட்டியது.

டயர்த் தட்டுப்பாட்டைச் சமாளிக்க, தேய்ந்த டயர்களுக்குப் புது இரப்பர் ஏற்றும் தொழிலிலும் நிறுவனம் ஈடுபட்டது. போர் முடிந்து பெட்ரோல் மீண்டும் தாராளமாகக் கிடைத்தபோது கரி வண்டிகள் சாலையிலிருந்து மறைந்தன.

குடும்பம்

சுந்தரம் அய்யங்காருக்கு ஐந்து மகன்களும் மூன்று மகள்களும் இருந்தனர். மகன்களுள் டி. எஸ். ராஜம், டி. எஸ். சந்தானம், டி. எஸ். சீனிவாசன், டி. எஸ். கிருஷ்ணா ஆகியோர் குழுமத்தை விரிவாக்கியவர்கள்.

இவருடைய மகள் சௌந்தரம் (1904 - 1984) சிறு வயதிலேயே மணம் செய்விக்கப்பட்டு, இளமையில் கணவரை இழந்தார். கைம்பெண்கள் வீட்டுக்குள் ஒடுங்கியிருக்க வேண்டும் என்று ஆசாரக் குடும்பங்கள் எதிர்பார்த்த காலத்தில், பெற்றோர் அவரைப் படிக்க வைத்தனர். தில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் பயின்று அவர் மருத்துவரானார். பின்னர் காந்தியடிகளின் தொண்டரான ஜி. இராமச்சந்திரனை மணக்க அவர் விரும்பியபோது, வேறு சாதியில் நிகழும் கைம்பெண் மறுமணம் என்பதால் குடும்பம் அதனை எதிர்த்தது. இருவரும் ஓராண்டு பிரிந்திருந்து மனத்தைச் சோதித்துக் கொள்ளுமாறு காந்தியடிகள் அறிவுறுத்தினார். அதன்பின் 1940 ஆம் ஆண்டில் அவர் முன்னிலையில் திருமணம் நடைபெற்றது. இவ்விணையர் 1947 ஆம் ஆண்டில் மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே சின்னாளப்பட்டி அருகில் காந்திகிராமத்தை நிறுவினர். சௌந்தரம் இராமச்சந்திரன் பின்னாளில் நடுவண் அரசில் கல்வித் துறைத் துணை அமைச்சராகவும் பணியாற்றினார்.

மறைவும் அதற்குப் பின்னும்

சுந்தரம் அய்யங்கார் தம் முதிய வயதில் பொறுப்புகளை மகன்களிடம் ஒப்படைத்து ஓய்வு பெற்றார். 1955 ஆம் ஆண்டு ஏப்ரல் 28 அன்று கொடைக்கானலில் உள்ள தம் இல்லத்தில் காலமானார். அப்போது அவருக்கு வயது 78. 1957 ஆம் ஆண்டில் இராஜாஜி அவருடைய வெண்கலச் சிலையைத் திறந்து வைத்தார்.

அவருடைய மறைவுக்குப் பின் குழுமம் வாகன உறுப்புகள் தயாரிக்கும் தொழிலில் பெரிதும் ஈடுபட்டது. 1961 ஆம் ஆண்டில் பிரித்தானிய லூக்கஸ் நிறுவனத்துடன் இணைந்து லூக்கஸ்-டி. வி. எஸ். தொடங்கப்பட்டு, வாகனங்களுக்கான மின் கருவிகள் உள்நாட்டிலேயே செய்யப்பட்டன. சுந்தரம் பைனான்ஸ், வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் பாசனர்ஸ் முதலியன இக்குடும்பத்தினர் நடத்திய பிற நிறுவனங்கள். அவர் தொடங்கிய பேருந்துத் தொழில் மட்டும் குடும்பத்தின் கையை விட்டு அகன்றது. தமிழ்நாட்டில் பேருந்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டபோது, 1972 ஆம் ஆண்டில் மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் அமைக்கப்பட்டு, டி. வி. எஸ். பேருந்துகள் அதன்கீழ் வந்தன. அக்கழகம் பின்னர் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மதுரைக் கோட்டமாயிற்று. மதுரையிலுள்ள டி. வி. எஸ். நகர் அவருடைய பெயரைத் தாங்கி நிற்கின்றது.