தோர்ணக்கல் பேராயர்: வி.எஸ். அசரியாவின் திட்டமும் சேரியின் திருச்சபையும்

திருச்சபைகள் இன்று தொலைநோக்குத் திட்டங்களைத் தீட்டுகின்றன. இத்தனை ஆண்டுகளில் இத்தனை புதிய சபைகள், இத்தனை ஊழியர்கள், இத்தனை நிதி என்று அட்டவணைகள் அச்சாகின்றன. அந்த அட்டவணையை எழுதும் அறையில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்ற கேள்வி மட்டும் அச்சேறுவதில்லை. சபை மக்களில் பெரும்பான்மையோர் தலித்துகளாக இருக்கும் பேராயங்களில்கூட முடிவெடுக்கும் இடம் வேறெங்கோ இருக்கிறது என்பது தலித் கிறித்தவர்களின் நெடுங்காலக் குற்றச்சாட்டு. நூறாண்டுகளுக்கு முன்பு இதே கேள்விக்குத் தன் வாழ்நாளைக்கொண்டு பாதி விடை எழுதியவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. அந்த விடையின் எழுதப்படாத மறுபாதியும் நம்மைத் தொடர்கிறது.

திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874 ஆகஸ்ட் 17 அன்று அவர் பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம் ஒரு கிராமக் குருவானவர். கோயில் நுழைவும், பெண்கள் மேலாடை அணியும் உரிமையும் மறுக்கப்பட்டிருந்த நாடார் சமூகத்தில், கிறித்தவத்தின் வழியே கல்வி பெற்ற தலைமுறைகளின் வாரிசு அவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தார்; பட்டம் பெறாமலே வெளியேறினார். பட்டம் இல்லாத இந்த மனிதருக்கு 1920இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கௌரவச் சட்ட முனைவர் பட்டம் அளித்தது. சட்டம் பயின்றவள் என்ற முறையில் இந்த விவரம் எனக்குச் சற்றுச் சிரிப்பூட்டுகிறது. காரணம் பின்னால் வரும்.

1895இல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகப் பணியைத் தொடங்கிய அசரியாவை 1902இல் மேற்கொண்ட யாழ்ப்பாணப் பயணம் உலுக்கியது. அங்கிருந்த தமிழ்க் கிறித்தவர்கள் தங்கள் சொந்தச் செலவில் பிற இடங்களுக்கு ஊழியரை அனுப்பிக்கொண்டிருந்தனர். கிறித்தவம் பல தலைமுறைகளாக வேரூன்றியிருந்த திருநெல்வேலியோ வெள்ளை மிஷனரிகளின் பணத்தையும் ஆணையையும் எதிர்பார்த்து நின்றது. மறு ஆண்டே, 1903இல், திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. 1905 கிறிஸ்துமஸ் நாளில் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் உருவானபோதும் முன்னின்றவர்களில் அவர் ஒருவர். இரண்டுக்கும் அடிப்படை விதி ஒன்றே: ஆளும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையதாக இருக்க வேண்டும். இதைத் தேசிய உணர்ச்சியின் வெளிப்பாடாக மட்டும் பார்ப்பது போதாது. பணம் எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் திட்டமும் எழுதப்படும் என்ற நிர்வாக உண்மையை அவர் இருபத்தெட்டு வயதிலேயே புரிந்துகொண்டிருந்தார்.

திருநெல்வேலிச் சங்கம் தேர்ந்தெடுத்த களம் தோர்ணக்கல். நிஜாமின் ஐதராபாத் அரசில், சிங்கரேணி நிலக்கரி வயல்களுக்குக் கிளை பிரியும் ஒரு ரயில் சந்திப்பு. சுற்றிலும் தெலுங்குக் கிராமங்கள். 1909இல் குருப்பட்டம் பெற்ற அசரியா, தமிழ்நாட்டின் வசதியான பதவிகளை விட்டு அங்கே குடியேறினார். ஊராருக்கு அவர் வேற்றுமொழிக்காரர். தெலுங்கைக் கற்றுத்தான் பேசவேண்டியிருந்தது.

அடுத்த ஆண்டு எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் அவர் ஆற்றிய உரை மண்டபத்தைச் சங்கடத்தில் ஆழ்த்தியது. ஒரே பணியில் இருக்கும் வெள்ளை மிஷனரிக்கும் இந்திய ஊழியருக்கும் இடையே உதவி உண்டு, தியாகமும் உண்டு, ஆனால் சமமான நட்பு இல்லை என்று அவர் பொது மேடையில் முறையிட்டார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் அவர் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அருட்பொழிவு பெற்றார். இந்தியர் ஒருவரின் ஆட்சிக்குக் கீழ்ப்பட விரும்பாத மிஷனரிகளின் எதிர்ப்பால், தொடக்கத்தில் அவருக்குத் தரப்பட்ட பேராயம் மிகச் சிறியதாக இருந்தது. பின்னர் அக்கம்பக்கத் தெலுங்கு மிஷன் பகுதிகளும் அதனுடன் இணைக்கப்பட்டன.

அந்தப் பேராயத்தின் மக்கள் யார்? பெரும்பாலோர் மாலாக்களும் மாதிகாக்களும். நிலமற்ற கூலிகள், தோல் பதனிடுவோர், ஊர்க் கிணற்றிலிருந்து விலக்கப்பட்டவர்கள். தனித்தனி ஆட்களாக அல்லாமல் குடும்பம் குடும்பமாக, சேரி சேரியாக அவர்கள் திருச்சபைக்குள் வந்தனர். மேட்டுக்குடியை முதலில் மாற்றினால் மற்றவர்கள் தாமாகப் பின்தொடர்வார்கள் என்ற பழைய மிஷனரிக் கணக்கு இங்கே தலைகீழானது. அசரியா அதை உணர்ந்து, ஊர்க்கோடியிலிருந்தே திட்டத்தைத் தொடங்கினார்.

அத்திட்டத்தின் அச்சாணி கிராம ஆசிரியர். பகலில் பிள்ளைகளுக்கு எழுத்து, மாலையில் பெரியவர்களுக்கு வேதபாடம், ஞாயிறன்று ஆராதனை, இடையில் ஊரில் எழும் தகராறுகள். இத்தனையும் ஒரே ஆளின் தோளில். அந்த ஆளை வெளியிலிருந்து இறக்குமதி செய்யாமல் சேரிகளிலிருந்தே எடுத்துப் பயிற்றுவித்தனர். தோர்ணக்கல்லில் ஆண்களுக்கு மட்டுமன்றி அவர்களுடைய மனைவியருக்கும் பயிற்சி நடந்தது. அசரியாவின் மனைவி அன்பு மாரியம்மாளின் உழைப்பு அதில் பெரிது. அவர்களிலிருந்தே உபதேசியாரும் குருமாரும் உயர்ந்தனர். 1930களின் நடுப்பகுதியில் பேராயத்தில் சுமார் 250 இந்தியக் குருமாரும் 2,000க்கும் மேற்பட்ட கிராம ஆசிரியர்களும் இருந்தனர். மருத்துவ நிலையங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், அச்சகங்கள் இயங்கின. அவர் மறைந்தபோது பேராயத்தின் கிறித்தவர் தொகை இரண்டு இலட்சத்தைக் கடந்திருந்தது.

இரண்டாவது கருவி காணிக்கை. திருநெல்வேலிப் பெண்கள் உலையில் அரிசி இடும்முன் ஒரு பிடி எடுத்துவைக்கும் பிடியரிசி வழக்கத்தையும் அறுவடைக் காணிக்கையையும் அவர் வலியுறுத்தினார். கிறித்தவக் கொடை குறித்துத் தனி நூலே எழுதினார். கூலியில் பாதி பட்டினியாகக் கழியும் மக்களிடம் காணிக்கை கேட்பது கொடுமையல்லவா என்று கேட்கலாம். கேட்கவும் வேண்டும். ஆனால் தானம் பெறுபவராக மட்டுமே வைக்கப்பட்டிருந்த ஒரு மக்களைக் கொடுப்பவராக மாற்றியதில் ஓர் அரசியல் இருக்கிறது. ஆசிரியருக்குத் தன் அரிசியைக் கொடுக்கும் சேரி, அந்த ஆசிரியரிடம் கணக்குக் கேட்கவும் கற்றுக்கொள்கிறது. மூன்றாவது கருவி சாட்சி. ஞானஸ்நானம் பெற்றவர் தம் கையைத் தம் தலையிலேயே வைத்து, நற்செய்தியைச் சொல்லும் பொறுப்பு தமக்கே உரியது என்று உறுதி ஏற்கும் வழக்கத்தை அவர் ஏற்படுத்தியிருந்தார். அருட்பணி வெளிநாட்டுச் சங்கத்தின் வேலை என்ற நிலை மாறி, அது எழுத்தறியாத ஒரு மாதிகாப் பெண்ணின் கடமையாகவும் உரிமையாகவும் ஆனது.

1936இல் ஜான் மோட்டுடன் நடந்த உரையாடலில், தீண்டத்தகாதோருக்கு மதக் கொள்கையை எடுத்துரைப்பதைப் பசுவுக்குப் போதிப்பதோடு காந்தி ஒப்பிட்டார். தோர்ணக்கல் கிராமங்களில் அதே மக்கள்தாம் பள்ளி நடத்தினர், பிரசங்கம் செய்தனர், சபைக் கணக்கு எழுதினர். அந்த ஒப்பீட்டுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு தேவையில்லை. அசரியா தலைமை வகித்த தேசியக் கிறித்தவ மன்றம், வாஸ்கம் பிக்கெட்டைக் கொண்டு மக்கள் திரள் மதமாற்றங்களைக் கள ஆய்வு செய்ய வைத்து, 1933இல் நூலாக வெளிக்கொணர்ந்தது. மக்கள் எந்த நோக்கத்தோடு வந்தார்கள் என்பதைவிட, வந்தபின் அவர்களுக்குக் கிடைத்த பயிற்சியே அவர்களின் வாழ்வைத் தீர்மானித்தது என்பது அதன் முக்கியக் கண்டறிதல். சோற்றுக்காக மதம் மாறியவர்கள் என்ற வசைக்கு அப்போதே தரவுகளோடு பதில் தரப்பட்டிருக்கிறது. அந்த வசை மட்டும் இன்னும் சாகவில்லை.

இனி மறுபாதிக்கு வருவோம். அசரியாவின் மொழியில் சீர்திருத்தம் அதிகம், உரிமை குறைவு. குடி, செத்த மாட்டிறைச்சி, சுத்தம் ஆகியவற்றைப் பற்றிப் பேசிய அளவுக்கு நிலத்தைப் பற்றியும் கூலியைப் பற்றியும் அவருடைய திட்டம் பேசவில்லை. சேரியின் மாற்றத்தைக் கண்டு சூத்திரச் சாதியினரும் ஞானஸ்நானம் கேட்டு வரத் தொடங்கியபோது அதைத் தம் பணியின் சான்றாக அவர் பெருமையோடு எடுத்துக்காட்டினார். தலித்தின் மேன்மைக்குச் சாதி இந்துவின் வருகையே அளவுகோலாவது எனக்கு உறுத்துகிறது. மாலாவும் மாதிகாவும் ஒரே பாத்திரத்தில் இராப்போஜனம் பெறவேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் பலிபீடத்துக்கு வெளியே அந்தப் பிளவு நீடித்தது.

இவற்றையெல்லாம்விடப் பாரதூரமானது சட்டக் களம். 1932இல் வகுப்புவாரித் தீர்ப்பு வந்தபோது, கிறித்தவர்களுக்குத் தனித் தொகுதி கூடாது என்று அசரியா எதிர்த்தார். திருச்சபை இன்னொரு சாதியாகச் சுருங்கிவிடும், பிறருக்கு அது சொல்லும் சாட்சி அரசியல் பேரமாகப் பார்க்கப்படும் என்பது அவருடைய அச்சம். இறையியலாக அதில் நேர்மை இருக்கிறது. ஆனால் தனித் தொகுதிகள் எப்படியும் வந்தன. 1936ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, இந்தியக் கிறித்தவர் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்று விதித்தது. கிறித்தவர் என்ற ஒற்றைப் பெயரின் கீழ், தீண்டாமையை நாள்தோறும் சுமந்த தோர்ணக்கல் மக்கள் சட்டத்தின் கண்ணுக்கு மறைந்துபோனார்கள். இரண்டாயிரம் ஆசிரியர்களைப் பயிற்றுவித்த அந்தத் திட்டத்தில், சட்டமன்றத்தில் அந்த மக்களுக்காக யார் பேசுவது என்பதற்கு இடமில்லை. சட்டப் பட்டம் பெற்ற பேராயரின் திட்டத்தில் விடுபட்டது சட்டமே.

பிற சபைப் பிரிவுகளோடு ஒன்றிணைவதற்காக, 1919 தரங்கம்பாடி மாநாடு முதல் இறுதிவரை அவர் உழைத்தார். 1939 ஜனவரி 6 அன்று, கோயில் கலையும் மசூதிக் கலையும் இழைந்த தோர்ணக்கல் பேராலயம் அர்ப்பணிக்கப்பட்டது. 1945 ஜனவரி முதல் நாள் அசரியா இறந்தார். அவர் கனவு கண்ட தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று பிறந்தபோது, அவருக்குப் பின் இந்தியப் பேராயர்கள் வியப்புக்குரியவர்களாக இல்லை.

1936ஆம் ஆண்டின் விலக்கோ சுதந்திர இந்தியாவிலும் தொடர்ந்தது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, பட்டியல் சாதித் தகுதியை இந்து மதத்தோடு கட்டிப்போட்டது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் அது தளர்ந்தது. கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் தளரவில்லை. இதை ஆராய 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம் அமைக்கப்பட்டது. பேராலயம் நிற்கும் தெலங்கானாவில், ஞானஸ்நானம் பெற்ற மாலாவும் மாதிகாவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலின் ‘சி’ பிரிவில், ஒரு விழுக்காட்டு இட ஒதுக்கீட்டின் கீழ் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள்.