மூன்று முறை கதவு தட்டிய இரவு!
திண்டிவனத்தில் ஒரு பெண் எடுத்த முடிவு

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில் பெருமுக்கல் மலை இருக்கிறது. அந்தப் பக்கத்துக் கூலித் தொழிலாளி ஒருவரின் குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை என்று டாக்டர் சொன்னால், பெற்றோர் கலங்கிப் போவார்கள். ஆனாலும் இன்று வழி இருக்கிறது. அரசாங்க உதவி உண்டு. தர்ம ஸ்தாபனங்கள் உண்டு. முன்பின் பார்த்திராத யாரோ ஒருவர் கொடுத்த பணத்தில் ஆபரேஷன் நடக்கிறது. குழந்தை பிழைத்து வீடு திரும்புகிறது.

சுமார் 130 ஆண்டுகளுக்கு முன்பு, இதே வட்டாரத்தில், ஒரே இரவில் மூன்று இளம் பெண்கள் இறந்தார்கள். காப்பாற்ற ஆள் இல்லை. அந்த இரவுதான் பின்னால் வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி எழக் காரணமாயிற்று.

அதை உண்டாக்கியவர் டாக்டர் ஐடா ஸ்கடர்.

பஞ்சத்தில் வளர்ந்த சிறுமி

ஐடா அமெரிக்கக் குடும்பத்துப் பெண். ஆனால் பிறந்தது ராணிப்பேட்டையில். 1870-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 9-ந் தேதி பிறந்தார். தந்தை ஜான் ஸ்கடர் டாக்டர். கிறிஸ்தவப் பாதிரியாராகவும் இருந்தார். பாட்டனாரும் டாக்டர்தான்.

ஐடா சிறுமியாக இருந்தபோது தாது வருஷப் பஞ்சம் வந்தது. பசியால் வாடிய குழந்தைகளுக்குத் தம் சின்னக் கைகளால் ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தார். எலும்பும் தோலுமான அந்த உருவங்கள் அவர் மனதைவிட்டு அகலவில்லை.

பிறகு படிப்பதற்காக அமெரிக்கா போனார். அங்கேயே இருந்துவிட வேண்டும், தந்தையைப்போல் இந்தியாவில் கஷ்டப்படக் கூடாது என்பதே அவருடைய எண்ணம். 1890-ல் தாயாருக்கு உடல்நலம் கெட்டது. பெற்றோர் அப்பொழுது திண்டிவனத்தில் இருந்தார்கள். தாயாருக்குத் துணையாகக் கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்று ஐடா வந்தார்.

அந்த இரவு

ஓர் இரவு. ஐடா விளக்கடியில் உட்கார்ந்திருந்தார். கதவு தட்டும் சத்தம் கேட்டது. வெளியே ஒரு பிராமண வாலிபர். அவருடைய இளம் மனைவி பிரசவ வேதனையில் துடித்துக் கொண்டிருந்தாள். மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். ஐடா வந்து காப்பாற்ற வேண்டும் என்று அவர் கெஞ்சினார்.

தனக்கு வைத்தியம் தெரியாது, தன் தந்தை டாக்டர், அவர் வருவார் என்றார் ஐடா. வாலிபர் மறுத்துவிட்டார். அன்னிய ஆடவர் தம் மனைவியைப் பார்ப்பதைவிட அவள் சாவதே மேல் என்று சொல்லித் திரும்பிவிட்டார்.

சிறிது நேரத்தில் மறுபடியும் கதவு தட்டப்பட்டது. இந்தத் தடவை வந்தவர் ஒரு முஸ்லிம். அவர் மனைவிக்கும் அதே ஆபத்து. அவரும் ஆண் டாக்டர் வேண்டாம் என்று போய்விட்டார்.

மூன்றாவது முறையும் கதவு தட்டப்பட்டது! வந்தவர் வேறொரு சாதியைச் சேர்ந்த இந்து. அதே வேண்டுகோள், அதே மறுப்பு.

ஐடாவுக்கு இரவெல்லாம் தூக்கம் இல்லை. விடிந்ததும் சாவு மேளம் கேட்டது. வேலையாளை அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

சாதி வேறு, மதம் வேறு. சாவு மட்டும் ஒன்றாக இருந்தது. பெண் டாக்டர் ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருக்கலாம். ஐடா பெற்றோரிடம் போய், டாக்டருக்குப் படிக்கப் போவதாகவும், படித்தபின் இங்கேயே திரும்பி வருவதாகவும் சொன்னார்.

பத்தாயிரம் டாலர்

சொன்னபடியே அமெரிக்காவில் படித்து 1899-ல் பட்டம் பெற்றார். புறப்படுமுன் பெண்களுக்கான ஆஸ்பத்திரிக்குப் பணம் திரட்டினார். நியூயார்க்கில் ஷெல் என்ற வங்கி அதிபர், இறந்துபோன தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். வேலூரை அவர் கண்டதில்லை. எந்தப் பெண்ணின் உயிர் பிழைக்கப் போகிறது என்றும் அவருக்குத் தெரியாது.

1900-ம் ஆண்டுத் தொடக்கத்தில் ஐடா வேலூர் வந்தார். சில மாதங்களில் தந்தை இறந்தார். ஐடா தனியே நின்றார். பங்களாவில் ஒரு சிறு அறை. ஒரே ஒரு படுக்கை. அதுதான் முதல் ஆஸ்பத்திரி! சமையல்காரரின் மனைவி சலோமிதான் உதவியாள். முதலில் ஜனங்கள் வரத் தயங்கினார்கள். பிறகு கூட்டம் கூடியது. 1902-ல் ஷெல் கொடுத்த பணத்தில் 40 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

வர முடியாதவர்களைத் தேடி அவரே போனார். குடியாத்தம் சாலையில் மரநிழல்களில் நிறுத்தி வைத்தியம் பார்த்தார். முதலில் மாட்டு வண்டி, பிறகு மோட்டார்.

பதினான்கு பேரும் தேறினர்!

ஒரு டாக்டர் எத்தனை கதவுகளுக்குப் போக முடியும்? 1909-ல் நர்சுகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். பெண்கள் படிக்க வருவார்களா என்று அதிகாரிகளே சந்தேகப்பட்டார்கள். ஆனால் மனுக்கள் குவிந்தன. முதல் கோஷ்டியில் பரீட்சை எழுதிய 14 பெண்களும் தேறினார்கள்.

பிறகு ஒரு சோதனை வந்தது. பள்ளியை எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்த்தினால்தான் நடத்தலாம் என்றது அரசாங்கம். அதற்கு ஏராளமான பணம் வேண்டும். எழுபது வயதைக் கடந்த ஐடா அமெரிக்கா சென்று ஊர் ஊராகப் பணம் திரட்டினார். கல்லூரி நிலைத்தது. 1947-ல் ஆண் மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள்.

இதயத்துக்கு வைத்தியம்

ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க நிபுணர் வேலூருக்கு வந்து, நெஞ்சறை ஆபரேஷனுக்குத் தனிப் பிரிவு அமைத்தார். முதுமையில் கொடைக்கானலில் வாழ்ந்த ஐடா, தாம் நட்ட செடி மரமாவதைக் கண்டார். 1960-ம் ஆண்டு மே மாதம், 89-வது வயதில் காலமானார்.

மறு ஆண்டு, 1961-ல், வேலூரில் திறந்த இதய ஆபரேஷன் வெற்றி பெற்றது. இந்தியாவில் இதை முதன்முதலாகச் சாதித்த இடங்களில் வேலூரும் ஒன்று. இதயத்தை நிறுத்திவிட்டு, அதன் வேலையை ஓர் இயந்திரத்திடம் ஒப்படைப்பார்கள். ஓட்டையைத் தைத்தோ ஒட்டுப் போட்டோ அடைப்பார்கள். பிறகு இதயம் மறுபடியும் துடிக்கும்.

ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் எட்டு, ஒன்பது குழந்தைகளுக்கு இதயத்தில் ஏதாவது கோளாறு இருக்கும். பால் குடிக்கும்போது மூச்சு வாங்கினாலும், உதடு நீலம் பூத்தாலும், எடை ஏறாவிட்டாலும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். சில கோளாறுகள் தாமே சரியாகும். சிலவற்றுக்கு ஆபரேஷன் வேண்டும். அந்தச் செலவை ஏழைக் குடும்பம் தாங்காது.

திண்டிவனத்தில் அந்த மூன்று பெண்களும் பணம் இல்லாமல் சாகவில்லை. வைத்தியம் பார்க்க ஒரு பெண் இல்லாமல் செத்தார்கள். வேலூரில் வைத்தியம் தெரிந்த பெண் வந்தார். ஆனால் ஷெல்லின் பணம் வந்தபிறகுதான் 40 படுக்கைகள் கிடைத்தன. கற்ற கையும் கொடுக்கும் கையும் சேர்ந்தால்தான் ஓர் உயிர் பிழைக்கும். பெருமுக்கல் மலையடிவாரத்தில் ஓடி விளையாடும் குழந்தைக்கும் அந்த இரண்டு கைகளும்தான் வேண்டும்.