எழுத்துக்கு அளவு வகுத்த இப்னு முக்லா

திருக்குர்ஆனைக் கையிலெடுத்து ஓதும்போது அதன் பொருளை எண்ணுகிறோம், ஓசையில் உருகுகிறோம். அதன் எழுத்துகள் இத்தனை ஒழுங்குடன் அமைய உழைத்தவர்களை நாம் நினைப்பது அரிது. அவர்களுள் முதன்மையாகப் போற்றப்படுபவர் அபூ அலீ முஹம்மது இப்னு முக்லா ஆவார்.

அன்னார் ஹிஜ்ரி 272-ல் (கி.பி. 885-86) பாக்தாத் நகரில் பிறந்தார். ஃபார்ஸ் மாகாணத்தில் வரி வசூலிக்கும் பணியில் இருந்து படிப்படியாக உயர்ந்தார். முக்ததிர், காஹிர், ராளீ என்னும் அப்பாஸிய கலீஃபாக்கள் மூவரிடமும் வஜீராகப் பொறுப்பு வகித்தார். 928, 932, 934 ஆகிய ஆண்டுகளில் மும்முறை பதவியேற்றார். மும்முறையும் அதனை இழந்தார்.

எனினும் அவரது புகழ் பதவியால் வந்ததன்று. அக்காலத்து எழுத்தர்கள் பல்வேறு எழுத்து வகைகளைத் தத்தம் கைப்பழக்கத்தின்படி எழுதி வந்தனர். இப்னு முக்லாவோ நாணல் பேனாவின் நுனியை அழுத்தும்போது விழும் சாய்சதுரப் புள்ளியையே அளவாகக் கொண்டார். அப்புள்ளிகளால் அலிஃபின் உயரத்தை வரையறுத்தார். அந்த அலிஃபை விட்டமாகக் கொண்டு ஒரு வட்டம் அமைத்து, ஏனைய எழுத்துகளை அதனுடன் பொருத்தினார். நூன் அவ்வட்டத்தின் பாதி; ரா அதன் கால் பங்கு. பேனா பெரிதாயினும் சிறிதாயினும் விகிதம் மாறாது. இம்முறையே 'அல்கத்துல் மன்ஸூப்', அதாவது விகித எழுத்து, எனப் பெயர் பெற்றது.

936-ல் இப்னு ராயிக் என்னும் தளபதியின் கைக்கு ஆட்சியதிகாரம் சென்றது. இப்னு முக்லாவின் சொத்துகள் பறிமுதல் செய்யப்பட்டன. அவற்றை மீட்கவும், தளபதியை வீழ்த்தவும் அன்னார் மறைவாக முயன்றார். அரசியல் சூழ்ச்சியில் அவருக்கும் பங்கிருந்ததை நாம் மறைக்க வேண்டியதில்லை. முயற்சி வெளிப்பட்டது. 938-ல் அவரது வலக்கரம் துண்டிக்கப்பட்டது. அல்லாஹ்வின் வேதத்தைப் பிரதியெடுத்த கரம் அது! எஞ்சிய கையில் பேனாவைக் கட்டிக்கொண்டு அவர் எழுதினார் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பின்னர் நாவும் அறுக்கப்பட்டு, 940 ஜூலையில் சிறையிலேயே மரணமடைந்தார்.

இன்று அன்னாரின் கையெழுத்தென ஐயமின்றி ஏற்கத்தக்க ஏடு ஒன்றேனும் இல்லை. ஆயினும் அவர் வகுத்த முறை அழியவில்லை. அவருடைய மாணவர்களிடம் பயின்ற இப்னுல் பவ்வாப் அதனை மெருகேற்றினார். அவர் ஹிஜ்ரி 391-ல் (கி.பி. 1000-01) எழுதிய குர்ஆன் பிரதி அயர்லாந்தின் டப்ளின் நகரில், செஸ்டர் பீட்டி நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. 1298-ல் மறைந்த யாகூத் அல்முஸ்தஃஸிமீ இக்கலையை மேலும் உயர்த்தினார்.

மும்முறை கிடைத்த பதவி நிலைக்கவில்லை. சேர்த்த செல்வமும் நிலைக்கவில்லை. கற்றுக்கொடுத்த கல்வி ஆயிரம் ஆண்டுகளைக் கடந்தும் நிற்கிறது. நம் மத்ரஸாச் சிறார்கள் பலகையில் முதல் அலிஃபை எழுதப் பழகும்போது இவ்வரலாற்றையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம். பயனுள்ள கல்வியை விட்டுச் செல்வோராக நம் அனைவரையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.