பன்னிரண்டு தந்திகளும் ஜோர்ஜ் ஹரிசனும்

பீற்றில்ஸ் குழுவின் நால்வரில் குறைவாகப் பேசுபவர் என்று பெயரெடுத்தவர் ஜோர்ஜ் ஹரிசன். ஆனால் 1964இல் அவர் கையில் எடுத்த ஒரு கிற்றார் மேற்குலக இளைஞர் இசையின் ஒலியையே மாற்றிவிட்டது. பன்னிரண்டு தந்திகள் கொண்ட மின்கிற்றார் அது. மீட்டினால் சலங்கை குலுங்குவதுபோல் கிணுகிணுக்கும். அறுபது ஆண்டுகள் கடந்தும் அந்த ஒலியைத் தேடிக் கடை கடையாக ஏறி இறங்குபவர்கள் உண்டு. புலம்பெயர் நாடுகளில் கிற்றார் பழகும் எமது பிள்ளைகளிலும் அப்படிச் சிலர் இருக்கிறார்கள். எந்தக் கிற்றாரை வாங்குவது என்பதைத்தான் எல்லோரும் முதலில் யோசிப்பார்கள். எந்த அம்பிளிபயர் என்பது அதற்குக் குறையாத கேள்வி. ஹரிசனின் வாழ்க்கையைப் பார்த்தால் அதற்கு விடை கிடைக்கும்.

1943 பெப்ரவரி 25ஆம் திகதி லிவர்பூல் நகரில் ஒரு தொழிலாளர் குடும்பத்தின் நான்காவது, கடைசிப் பிள்ளையாக அவர் பிறந்தார். தந்தையார் பேருந்தில் வேலை செய்தவர். தாயார் ஐரிஷ் வழிவந்தவர். வீடு மிகச் சிறியது, கழிப்பறை வெளியில்தான். பதின்ம வயதில் மகனுக்குக் கிற்றார் பைத்தியம் பிடித்தபோது, தாயார் பணம் கொடுத்துப் பழைய கிற்றார் ஒன்றை வாங்க வைத்தார். பாடசாலைப் பேருந்தில் அறிமுகமான போல் மக்கார்ட்னி, பிறகு அவரை ஜோன் லெனனிடம் அழைத்துச் சென்றார். படிப்பை இடையில் விட்ட ஹரிசன், லிவர்பூலில் ஒரு பெரிய கடையில் மின்தொழில் பயிலுநராகச் சிறிது காலம் வேலை செய்தார். 

1960இல் குழுவினர் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகருக்குப் போனார்கள். இரவு விடுதிகளில் மணிக்கணக்காக வாசிக்க வேண்டும். ஹரிசனுக்கு அப்போது வயது 17. இரவு விடுதியில் வேலை செய்யும் வயது வரவில்லை என்று கண்டுபிடித்த அதிகாரிகள், அந்த நவம்பரில் அவரை நாடு கடத்தினார்கள். தனியாகக் கிற்றாரையும் சுமந்துகொண்டு ரயிலிலும் கப்பலிலும் அவர் வீடு திரும்பினார். பிறந்த நாடு அவருக்குத் திறந்தே இருந்தது; அந்த வகையில் எம்மில் பலரைவிட அவர் கொடுத்து வைத்தவர். வயது வந்ததும் மீண்டும் ஹம்பேர்க் போனார்.

அக்காலத்தில் இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்ட் நகரில் ரொம் ஜெனிங்ஸ் என்பவர் வொக்ஸ் என்ற பெயரில் அம்பிளிபயர்கள் செய்து விற்றுவந்தார். அவற்றை வடிவமைத்தவர் டிக் டெனி. முதலில் வந்தது 15 வாட்ஸ் வலுவுள்ள ஏசி 15. கிளிஃப் ரிச்சட்டின் ஷாடோஸ் குழுவினருக்கு அது போதவில்லை. ரசிகர்களின் கூச்சலுக்கு மேல் கேட்க வேண்டுமானால் இன்னும் வலு தேவைப்பட்டது. அப்படித்தான் ஏசி 30 பிறந்தது. உள்ளே ஈஎல் 84 என்ற சிறிய வால்வுகள் நான்கு. முன்னால் 12 அங்குல ஸ்பீக்கர்கள் இரண்டு. பின்னர் மேல் சுரங்களைக் கூட்டித் தரும் டொப் பூஸ்ட் என்ற பகுதியும் சேர்ந்தது. பீற்றில்ஸின் முகாமையாளர் பிரையன் எப்ஸ்ரைன் ஜெனிங்ஸ் நிறுவனத்துடன் ஓர் ஏற்பாட்டுக்கு வந்த பிறகு, குழுவினரின் மேடைகளில் வொக்ஸ் பெட்டிகளே நின்றன.

1964 பெப்ரவரியில் அவர்கள் முதன்முதலாக அமெரிக்காவில் நிகழ்ச்சி நடத்த நியூயோர்க் வந்து இறங்கினார்கள். ஹரிசனுக்குத் தொண்டை நோவும் காய்ச்சலும். பிளாஸா ஹோட்டல் அறையில் படுத்துக் கிடந்தார். அமெரிக்காவில் குடியேறியிருந்த அக்கா லூயிஸ் வந்து பார்த்துக்கொண்டார். அந்த வேளையில் றிக்கன்பக்கர் நிறுவனத்தின் உரிமையாளர் பிரான்சிஸ் ஹோல், கலிபோர்னியாவிலிருந்து தமது புதிய பன்னிரண்டு தந்திக் கிற்றாரைக் கொண்டு வந்திருந்தார். அது படுக்கையில் இருந்த ஹரிசனின் கைக்குப் போனது. வாசித்துப் பார்த்தவர் அதன்பின் அதை விடவில்லை. 360/12 என்ற அந்த வகையில் நிறுவனம் செய்த இரண்டாவது கிற்றார் அது.

பன்னிரண்டு தந்திகளும் ஆறு சோடிகளாக இருக்கும். கீழ்ச்சுரச் சோடிகள் நான்கிலும் ஒரு தந்தி வழமையான சுரத்தில் ஒலிக்க, மற்றது ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். எஞ்சிய இரண்டு சோடிகளில் இரு தந்திகளுக்கும் ஒரே சுரம். எவ்வளவு கவனமாகச் சுருதி சேர்த்தாலும் சோடித் தந்திகளுக்கிடையே மயிரிழை வேறுபாடு இருக்கும். அந்த மயிரிழைதான் கிணுகிணுப்பைத் தருகிறது.

அம்பிளிபயர் முக்கியமாவது இந்த இடத்தில்தான். வால்வு அம்பிளிபயரை அதன் எல்லைக்கு மேல் திருகினால் ஒலி உடைந்து கரகரக்கும். ஆறு தந்திக் கிற்றாரில் ரொக் இசைக் கலைஞர்கள் அதை வேண்டுமென்றே செய்வார்கள்; அது ஓர் அழகு. ஆனால் ஒலி உடையும்போது, ஒன்றாக ஒலிக்கும் ஒவ்வொரு இரு சுரங்களும் கலந்து, தந்திகளில் இல்லாத புதிய அதிர்வுகளைப் பிறப்பிக்கும். பன்னிரண்டு தந்திகள் சேரும்போது அப்படிப் பிறப்பவை குவிந்து, கலங்கிய குளமாகிவிடும். ஏசி 30 போன்ற பெட்டியை உடையாத அளவில் வைத்து, மேல் சுரங்களைச் சற்றுக் கூட்டினால், ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் காதுக்கு வரும். 1964இன் ‘எ ஹார்ட் டேஸ் நைட்’ பாடலின் தொடக்கத்தில் அதிரும் அந்த ஒற்றை மீட்டலிலும், முடிவில் தேய்ந்து மறையும் தந்தி வரிசையிலும் ஹரிசனின் பன்னிரண்டு தந்திகள் உண்டு.

அதே பெயரில் வந்த திரைப்படத்தை அமெரிக்காவில் பார்த்த ரோஜர் மக்வின் என்ற இளைஞர், தாமும் றிக்கன்பக்கர் பன்னிரண்டு தந்தி ஒன்றை வாங்கினார். அவரது பேர்ட்ஸ் குழுவின் ஒலி அதிலிருந்து பிறந்தது. ஒலிப்பதிவில் அவரது கிற்றார் கம்பிரசர் கருவி வழியாகப் போனது. மீட்டலின் முதல் அடியை அது அடக்கி, தேய்ந்து போகும் ஒலியைத் தாங்கிப் பிடிக்கும். பேர்ட்ஸின் பாணியைக் கேட்டு ரசித்த ஹரிசன், 1965இல் ‘இஃப் ஐ நீடட் சம்வன்’ பாடலை அதன் சாயலில் அமைத்தார். அவர் கொடுத்தது சுற்றி அவரிடமே வந்தது.

இன்று இந்த ஒலிக்காக அம்பிளிபயர் வாங்கப் போகிறவர்கள், வாட்ஸ் எண்ணிக்கையைப் பார்த்து மயங்கத் தேவையில்லை. ஏசி 30 முப்பது கிலோவுக்கும் மேல் எடையுள்ளது. மாடிக்குடியிருப்பில் அதை முழுவதும் திறந்தால் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுவார்கள். வீட்டில் பழகவும் சிறிய மண்டபங்களில் வாசிக்கவும் ஏசி 15 தாராளமாகப் போதும். உடையாத தெளிவே பெரிதென்றால் பெண்டர் நிறுவனத்தின் ட்வின் ரிவேர்ப் இன்னொரு வழி. அதுவும் கனமான பெட்டிதான். கடைக்குச் சொந்தக் கிற்றாரையே கொண்டுபோங்கள். சுருதி சேர்த்து, எல்லாத் தந்திகளையும் மெதுவாக ஒருமுறை மீட்டிவிட்டு, ஒலி தேயும்வரை கை வைக்காமல் கேளுங்கள். மேல் தந்திகள் கடைசிவரை பிரிந்து கேட்கின்றனவா என்று பாருங்கள். பிறகு, வாசிக்கப்போகும் அளவுக்குச் சத்தத்தைக் கூட்டி அதையே மறுபடி செய்யுங்கள். அப்போதும் கலங்காவிட்டால் அதுதான் உங்களுக்கான பெட்டி. மிச்சக் காசுக்கு ஒரு சிறிய கம்பிரசர் வாங்கலாம்.

ஹரிசனின் குழுவுக்கோ சத்தம் வேறொரு சோதனையாக வந்தது. ரசிகர்களின் கூச்சல் ஏற ஏற, வொக்ஸ் நிறுவனம் 50 வாட்ஸ், பிறகு 100 வாட்ஸ் என்று பெட்டிகளைப் பெருக்கிக்கொண்டே போனது. 1965 ஒகஸ்ட் 15இல் நியூயோர்க்கின் ஷே விளையாட்டரங்கில் 55,000க்கும் மேற்பட்டோர் கூடினார்கள். மேடையில் 100 வாட்ஸ் பெட்டிகள். பாட்டு அரங்கின் அறிவிப்பு ஒலிபெருக்கிகளில் போனது. தாம் வாசிப்பது தமக்கே கேட்காத நிலை. அடுத்த ஆண்டு ஒகஸ்ட் 29இல் சான் பிரான்சிஸ்கோவில் வாசித்ததோடு அவர்கள் இசைச் சுற்றுலாவை நிறுத்திக்கொண்டார்கள். அந்த முடிவால் அதிகம் நிம்மதி அடைந்தவர் ஹரிசன்தான்.

சில வாரங்களிலேயே அவர் இந்தியா போனார். அதற்கு முன் லண்டனில் அறிமுகமான பண்டிட் ரவிசங்கரிடம் சிதார் கற்கத் தொடங்கினார். சிதாரில் விரல் படாமலே, மேலே ஒலிக்கும் சுரத்துக்கு இசைந்து தாமாக அதிரும் உபதந்திகள் உண்டு. தந்தி தந்திக்குத் துணையாக ஒலிக்கும் இனிமையை ஏற்கெனவே தேடிப் பிடித்தவருக்கு அந்த வாத்தியம் பிடித்துப்போனதில் வியப்பில்லை. அதில் வித்துவானாவதற்கு ஓர் ஆயுள் வேண்டும் என்பதை உணர்ந்து, சில ஆண்டுகளில் கிற்றாருக்கே திரும்பினார். குருவின் உறவை மட்டும் கடைசிவரை விடவில்லை.

அந்த உறவுதான் 1971இல் அவரை வேறொரு வேலைக்கு அழைத்தது. கிழக்கு பாகிஸ்தானில் புயலும் அதைத் தொடர்ந்து போரும். ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் இந்தியாவுக்குள் அகதிகளாக ஓடி வந்தார்கள். வங்காளியான ரவிசங்கர், ஏதாவது செய்ய வேண்டும் என்று நண்பரிடம் கேட்டார். ஹரிசன் சில வாரங்களில் கலைஞர்களைத் திரட்டினார். ஒகஸ்ட் 1ஆம் திகதி நியூயோர்க்கின் மடிசன் ஸ்குயர் கார்டனில் மதியமும் இரவுமாக இரு நிகழ்ச்சிகள் நடந்தன. சுமார் 40,000 பேர் வந்தார்கள். முதலில் ரவிசங்கரும் அலி அக்பர் கானும் அல்லா ரக்காவும் வாசித்தார்கள். பிறகு ஹரிசனுடன் பொப் டிலனும் எரிக் கிளாப்டனும் மேடையேறினார்கள். நுழைவுச்சீட்டு விற்பனையில் மட்டும் சுமார் 243,000 டொலர் சேர்ந்து யுனிசெஃப் அமைப்புக்குப் போனது. இசைத்தட்டில் வந்த பெருந்தொகையோ வரிச் சிக்கலில் மாட்டி ஆண்டுக்கணக்கில் முடங்கியது. நல்ல மனம் மட்டும் போதாது, கணக்கும் பத்திரமும் முதலிலேயே சரியாக இருக்க வேண்டும் என்பதை நிதி சேர்க்கும் எவரும் அதிலிருந்து கற்கலாம்.

முகாம்களில் இருந்தவர்களுக்கு அன்று பணத்தோடு இன்னொன்றும் கிடைத்தது. அவர்களுடைய நாட்டின் பெயரையே கேட்டிராத இளைஞர்கள் அதை உச்சரித்தார்கள். முகாம்களிலும் வரிசைகளிலும் நின்ற எமக்கு, யாரோ ஒருவர் எங்கோ ஓர் அரங்கில் எமது பெயரைச் சொல்வதன் அருமை தெரியும்.

2001 நவம்பர் 29ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் புற்றுநோயால் அவர் காலமானார். வயது 58. உலகின் மிகப் பெரிய கூச்சலுக்கு நடுவே நின்றவர், தம் குரலை உயர்த்தாமலே வாழ்ந்து முடித்தார். தமக்குக் கிடைத்த மேடையை ஒருநாள், யாருக்கும் கேட்காமல் கிடந்த மக்களுக்காகத் திறந்துவிட்டார். பன்னிரண்டு தந்திகளில் எது ஒலித்தாலும் மற்றவை அமுங்காமல் கேட்க வேண்டும் என்பதில் அந்தக் கலைஞர் வைத்திருந்த கவனம், மனிதர்கள் விடயத்திலும் அவருக்கு இருந்தது.