திப்புவின் காசு

தேவனஹள்ளியில் பிறந்த திப்பு சுல்தான், 1782இல் தந்தை ஹைதர் அலி மறைந்ததும் மைசூர் ஆட்சிக்கு வந்தார். அவர் அடித்த காசுகளில் டில்லி முகலாயப் பேரரசரின் பெயர் இல்லை. இது சாதாரணத் துணிச்சல் அல்ல. வங்காளத்தையே விழுங்கிவிட்ட கிழக்கிந்தியக் கம்பெனிகூட அன்று ஷா ஆலமின் பெயரில்தான் ரூபாய் அடித்தது.

கிரேக்க மன்னர்களைப்போல் தன் முகத்தையும் அவர் பொறிக்கவில்லை. செப்புக்காசில் யானை நின்றது. பொற்காசுக்கு நபி (ஸல்) அவர்களின் பெயரால் அஹ்மதி, அதில் பாதிக்கு ஸித்தீக்கி, கால்பங்குக்கு ஃபாரூக்கி என்று பெயரிட்டார். இரட்டை ரூபாய் ஹைதரி. அது அலி (ரழி) அவர்களின் சிறப்புப் பெயர், தந்தையின் பெயரும்கூட.

1799 மே 4இல் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையில் போரிட்டபடியே ஷஹீதானார். கம்பெனியோ, தன் மன்னரின் முகத்தை இந்திய ரூபாயில் பொறிக்க 1835 வரை காத்திருந்தது.