கதிரவனைப் படித்த காரிகை

சூரியன் எதனால் ஆனது? இன்று இடைநிலைப்பள்ளி மாணவரிடம் இக்கேள்வியைக் கேட்டால், ஹைட்ரஜன், ஹீலியம் என்று தயங்காமல் விடை கூறுவார். நானும் அப்படித்தான் மனனம் செய்து தேர்வெழுதினேன். அந்த விடையைக் கண்டறிந்தவர் 25 வயதுப் பெண் ஒருவர் என்பதும், அவரே அதை உண்மையல்ல என்று தம் ஆய்வேட்டில் எழுத நேர்ந்தது என்பதும் பல்கலைக்கழகம் வந்த பிறகே நான் அறிந்த செய்திகள். அவர்தான் சிசிலியா பெய்ன்.

சிசிலியா 1900-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள் இங்கிலாந்தின் வெண்டோவர் என்னும் ஊரில் பிறந்தார். நான்கு வயதிலேயே தந்தையை இழந்தார். தாயார் மூன்று பிள்ளைகளையும் தனியொருவராக வளர்த்தார். 1919-இல் உபகாரச் சம்பளம் பெற்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நியூன்ஹாம் கல்லூரியில் தாவரவியல், இயற்பியல், வேதியியல் பயிலச் சேர்ந்தார். அவ்வாண்டு நிகழ்ந்த சூரிய கிரகணத்தை ஆராய்ந்து திரும்பியிருந்த ஆர்தர் எடிங்டனின் உரையைக் கேட்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. விடுதி அறைக்குத் திரும்பியவர், உரையை ஏறக்குறைய முழுவதுமாக நினைவிலிருந்து எழுதி வைத்தார். விண்ணியலே தம் வாழ்க்கை என்று அப்போது முடிவாயிற்று.

ஆனால், கேம்பிரிட்ஜ் 1948 வரை பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்கவில்லை. அந்நாட்டில் ஆசிரியர் பணியைத் தவிர வேறு வழி தென்படாததால், 1923-இல் சிசிலியா அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். ஹார்வர்ட் வானாய்வகத்தில் ஹார்லோ ஷேப்லியின் கீழ் ஆய்வைத் தொடங்கினார்.

விண்மீன்களின் ஒளியைப் பிரித்துப் பதிவு செய்த கண்ணாடித் தகடுகள் அங்கே குவிந்து கிடந்தன. ஆனி ஜம்ப் கேனன் போன்ற பெண்கள் அவற்றைப் பல்லாண்டுகள் உழைத்து வகைப்படுத்தியிருந்தனர். பிரிந்த ஒளியில் தெரியும் கருங்கோடுகள் ஒவ்வொன்றும் ஒரு தனிமத்தின் கைரேகை போன்றது. சூரிய ஒளியில் இரும்பு, கால்சியம் ஆகியவற்றின் கோடுகள் மிகுதியாகத் தெரிந்தன. ஆகவே, பூமியில் உள்ளவை ஏறக்குறைய அதே அளவில்தான் சூரியனிலும் உள்ளன என்று அறிஞர்கள் நம்பினர்.

இங்கேதான் ஓர் இந்திய அறிஞரின் பங்களிப்பு துணை செய்தது. கல்கத்தாவில் பணியாற்றிய மேகநாத் சாகா, வெப்பநிலைக்கு ஏற்ப அணுக்கள் எலக்ட்ரான்களை எவ்வாறு இழக்கின்றன என்பதைக் கணக்கிடும் சமன்பாட்டை 1920-இல் வெளியிட்டிருந்தார். சிசிலியா அதைக் கண்ணாடித் தகடுகளின் மீது பொருத்திப் பார்த்தார். கோடு அழுத்தமாக இருப்பதற்குத் தனிமத்தின் அளவு மட்டுமன்றி வெப்பநிலையும் காரணம் என்பது தெளிவாயிற்று. சூரியப் பரப்பின் வெப்பத்தில், கண்ணுக்குத் தெரியும் கோட்டை உண்டாக்கக்கூடிய நிலையில் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் மிகச் சொற்பம். அப்படியிருந்தும் அக்கோடுகள் தெரிகின்றன என்றால், அங்கே ஹைட்ரஜன் எவ்வளவு இருக்க வேண்டும்! உலோகங்களைவிடச் சுமார் பத்து இலட்சம் மடங்கு என்று கணக்குக் காட்டியது.

ஆய்வேட்டின் கையெழுத்துப்படி பிரின்ஸ்டன் பேராசிரியர் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸலின் பார்வைக்குச் சென்றது. அன்றைய அமெரிக்க விண்ணியலில் அவர் சொல்லுக்கு மறுப்பில்லை. இம்முடிவு நடக்க இயலாதது என்று அவர் கடிதம் எழுதினார். வேலையும் வருங்காலமும் பெரியவர்கள் கையில் இருக்கும்போது ஒரு மாணவி என்ன செய்ய முடியும்? 1925-இல் வெளிவந்த ஆய்வேட்டில், ஹைட்ரஜன், ஹீலியம் பற்றிய அளவுகள் பெரும்பாலும் உண்மையானவை அல்ல என்று சிசிலியா எழுதினார். எனினும், கணக்கிட்ட எண்களை அவர் அட்டவணையிலிருந்து நீக்கவில்லை.

1929-இல் ரஸ்ஸல் வேறு வழியில் ஆராய்ந்து அதே முடிவுக்கு வந்தார். சிசிலியாவின் ஆய்வை அவர் தம் கட்டுரையில் குறிப்பிட்டார் என்றாலும், புகழ் நெடுங்காலம் ரஸ்ஸலுக்கே சேர்ந்தது.

சிசிலியா சோர்ந்துவிடவில்லை. 1934-இல் செர்கேய் கபோஷ்கினை மணந்தார். மூன்று பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே, கணவருடன் இணைந்து ஒளி மாறும் விண்மீன்களைப் பற்றிப் பல இலட்சம் அளவீடுகளைத் தொகுத்தார். ஹார்வர்டில் அவருடைய சம்பளம் தொடக்கத்தில் கருவிச் செலவுக் கணக்கில் வைக்கப்பட்டது. அவர் நடத்திய பாடங்கள் 1945 வரை பாடப்பட்டியலில் இடம்பெறவில்லை. 1956-இல்தான் பேராசிரியரானார். அதே ஆண்டில், ஹார்வர்டில் ஒரு துறைக்குத் தலைமையேற்ற முதல் பெண்மணியும் ஆனார். 1976-இல் அமெரிக்க விண்ணியல் கழகம் அவருக்கு வழங்கிய உயரிய சிறப்பு எது தெரியுமா? ரஸ்ஸலின் பெயரிலான விருது! 1979-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் அவர் மறைந்தார்.

பிற்காலத்தில் சிசிலியா ரஸ்ஸலைக் குறை கூறவில்லை. சரியென்று அறிந்தும் தாம் உறுதியாக நிற்கவில்லையே என்று தம்மையே கடிந்துகொண்டார். இறுதியாண்டு ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு அந்த வருத்தம் நன்றாகவே புரிகிறது. மேற்பார்வையாளர் சிவப்பு மையால் அடித்த வரிகளை மறுபேச்சின்றி நீக்கியவர்களில் நானும் ஒருத்தி. பெரியவர்களை மதிப்பது நம் பண்பு. அதைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால், நண்பர்களே, வாக்கியத்தை மாற்றச் சொன்னால் மாற்றினாலும், முறையாகக் கண்டறிந்த எண்ணை மட்டும் அழித்துவிடாதீர்கள். சிசிலியா விட்டுவைத்த அந்த அட்டவணைதான் பின்னாளில் அவருக்காகப் பேசியது.